ஒற்றை வரியில் ஒரு மலையூர்

மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள். ஆறு இலக்கக் குறியீட்டு எண், குடும்பங்கள், ஆண்கள், பெண்கள், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், வேலை செய்வோர், செய்யாதோர் என்று அந்த வரி நீளும். வேலை செய்வோரில் முதன்மைத் தொழிலாளர் ஒரு பக்கம், விளிம்புநிலைத் தொழிலாளர் இன்னொரு பக்கம். இரு பக்கத்திலும் பயிர் செய்வோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர், 'இதர தொழிலாளர்' என்று நான்கு கட்டங்கள். ஊரைப் பற்றி அரசு வெளியிடும் கணக்கு பெரும்பாலும் இவ்வளவுதான்.

ஒரு பழங்குடிக் கிராமத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் இந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். திட்ட அறிக்கையோ, முனைவர் பட்ட ஆய்வோ, தொண்டு நிறுவனத்தின் நிதி விண்ணப்பமோ, முதல் பத்தியில் இந்த எண்கள் வந்து உட்கார்ந்துவிடும். சமவெளிக் கிராமத்துக்கு இது ஓரளவு பொருந்தும். மலையூருக்குப் பொருந்துவதில்லை. ஊர் எது, அங்கே இருப்பவர் யார், அவர் செய்வது என்ன வேலை என்ற மூன்று கேள்விக்கும் அந்த வரி தருகிற விடை சமவெளியை மனத்தில் வைத்து வரையறுத்தது. எண் பொய் சொல்கிறது என்பதல்ல என் வாதம். எண்ணுவதற்கு முன்பே எதை எண்ணுவது என்று முடிவாகிவிடுகிறது. அந்த முடிவில் மலையின் கணக்கு சேரவில்லை. நான் அதிகம் கவனித்து வந்த கொல்லிமலையை வைத்தே இதைப் பார்க்கலாம். வல்வில் ஓரியையும் கொல்லிப்பாவையையும் சொல்லாமல் கொல்லிமலையைப் பற்றி எழுதக்கூடாது என்றொரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதை மீறுகிறது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் 1.1 விழுக்காடு. இவர்களில் பெரிய சமூகம் மலையாளி; 3,57,980 பேர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், இவர்கள் தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, ஜவ்வாது, சித்தேரி, கொல்லி என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவியிருக்கிறார்கள். முன்னோர் காஞ்சிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் வாழும் சுமார் 40,000 பேரில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் இவர்கள்தான்.

கொல்லிமலையில் ஊராட்சிகள் 14. வளவந்திநாடு, வாழப்பூர்நாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, சேளூர்நாடு, தேவனூர்நாடு, குண்டூர்நாடு என்று எல்லாம் நாடுகள். கணக்கெடுப்புக் கையேட்டில் வரி கிடைப்பது இந்த நாடுகளுக்கு. சராசரியாகப் பார்த்தால் ஒரு நாட்டில் மூவாயிரம் பேர் வரை வருவார்கள். ஆனால் மலைமேல் போய் 'உங்க ஊர் எது' என்று கேட்டால் யாரும் நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தங்கள் 'பட்டி'யின் பெயரைத்தான் சொல்வார்கள். முப்பது வீடு, ஐம்பது வீடு, நடுவில் ஒரு கோயில், பக்கத்தில் ஓடை, சரிவில் கொல்லை, பள்ளத்தில் வயல். இப்படி இருநூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் அந்த 14 நாடுகளுக்குள் அடங்கியிருக்கின்றன. கோயில் செலவுக்கு வரி வைப்பதும், சச்சரவு தீர்ப்பதும், கல்யாணம் பேசுவதும், விதை கடன் வாங்குவதும் அந்த அளவில்தான் நடக்கும். மக்கள் ஊர் என்று வாழ்கிற அந்த அலகுக்குக் கையேட்டில் வரியே கிடையாது. கையேட்டின் இன்னொரு பகுதியில் ஒரு கிராமத்தில் பள்ளியோ மருத்துவமனையோ இல்லையென்றால், அது ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, ஐந்திலிருந்து பத்துக்குள்ளா, பத்துக்கு மேலா என்று குறித்திருப்பார்கள். நாட்டுக்குள் எங்கோ ஓரிடத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் நாடு முழுவதும் வசதி பெற்றதாகிவிடும். இடையில் இரண்டு பள்ளத்தாக்கு இறங்கி ஏற வேண்டிய பட்டிக்கு அது எத்தனை மணி நேர நடை என்பதற்கு அங்கே இடமில்லை.

இதில் ஒரு வினோதம் உண்டு. பழங்குடிக் கிராமங்களுக்கான ஒன்றிய அரசின் முன்மாதிரிக் கிராமத் திட்டத்துக்கு, குறைந்தது 500 பழங்குடியினர் இருக்க வேண்டும், அவர்கள் கிராம மக்கள்தொகையில் பாதியாவது இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்து இந்தியா முழுவதும் 36,428 கிராமங்களைத் தேர்ந்தார்கள். கொல்லிமலைப் பட்டிகளைத் தனித்தனியே எடுத்தால் ஐந்நூறைத் தொடுவது அபூர்வம். நாடாகச் சேர்த்து எண்ணுவதால் அந்த வரம்பு அவர்களுக்கு எளிதில் எட்டுகிறது. நீலகிரியில் நிலைமை தலைகீழ். அங்கே மாவட்ட மக்கள்தொகையில் பழங்குடியினர் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. தேயிலைத் தோட்டங்களும் குடியேறிகளின் ஊர்களும் அடங்கிய ஆயிரக்கணக்கானோர் வாழும் வருவாய்க் கிராமத்துக்குள் குறும்பர், இருளர், பணியர் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. இருபது வீட்டுக் குறும்பர் ஊரில் நூற்றுக்கு நூறு பழங்குடியாக இருந்தாலும், கிராமத்துக்கான வரியில் அவர்கள் இரண்டு மூன்று விழுக்காடாகக் கரைந்துபோவார்கள். ஒரே விதி, ஒரு மலையில் தாராளமாகவும் இன்னொரு மலையில் கஞ்சத்தனமாகவும் நடந்துகொள்கிறது. தேவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லைக்கோடு போட்ட நிலஅளவையர் அன்று எப்படிப் போட்டார் என்பதுதான் காரணம்.

யார் பழங்குடி என்பதும் ஒரு பட்டியல் தீர்மானிக்கிற விஷயம். அரசியல் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் அறிவிக்கும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அந்தக் கட்டத்தில் எண் விழும். தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாவட்டங்களைக் குறித்திருக்கிறார்கள்: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. பழைய சேலத்திலிருந்து பிரிந்ததால் நாமக்கல்லுக்கு அது பொருந்தும். ஈரோடு பழைய கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. ஆகவே பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் வாழும் மலையாளிகள் பட்டியலில் இல்லை. கொல்லிமலைக்காரர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளக்கூடிய அதே மக்கள், அதே சாமை, அதே காடு. எல்லைக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் இல்லை. பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டு வருகிறார்கள். ஈரோடு மாவட்டக் கையேட்டை மட்டும் வைத்து ஒருவர் பர்கூர் மலையின் பழங்குடி மக்கள்தொகையை எழுதினால், மலையாளிகளைப் பொறுத்தவரை அவர் எழுதுவது பூஜ்ஜியமாக இருக்கும்.

எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகங்களுக்கு வரும் சேதம் இன்னும் மோசம். நீலகிரிக் கோத்தர்களுக்கு ஏழு ஊர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆயிரத்தைத் தாண்டியிருந்த சமூகம் அது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கோத்தர் 308 பேர் என்று இருக்கிறது. ஊருக்கு நாற்பத்து நான்கு பேர். கோத்தகிரிப் பக்கம் போய் வந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். ஏழு ஊரும் காலியாகிவிட்டதாக ஒரு செய்தியும் கிடையாது. எழுதும்போதோ குறியீடு இடும்போதோ பெயர் வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பத்து லட்சம் பேருள்ள சமூகத்தில் எண்ணூறு பேர் தவறினால் தெரியாது. இங்கே சமூகமே காணாமல் போகிறது. அந்த எண்தான் பல அரசு ஆவணங்களில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்து, கணக்கெடுக்கும் மாதம். 2011-ல் வீடு வீடாகப் போனது பிப்ரவரி 9 முதல் 28 வரை. இந்த நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவரை அவருடைய வீட்டில் சேர்க்கக்கூடாது, அவர் இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. சமவெளியில் தை அறுவடை முடிந்து ஆட்கள் வீட்டில் இருக்கிற காலம் என்பதால் பிப்ரவரியைத் தேர்ந்தது நியாயம்தான். மலைக்கு அதே மாதம் வேறு மாதிரி. மானாவாரிச் சாமையும் கேழ்வரகும் மார்கழிக்குள் களத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு கொல்லையில் வேலை இல்லை. குடகிலும் கேரளத்திலும் காப்பிப் பழம் பறிப்பதும் மிளகு உதிர்ப்பதும் அப்போதுதான் மும்முரம். ஜவ்வாது, கல்வராயன் மலைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வேன் ஏறுவார்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள், பங்குனி, சித்திரையில்தான் திரும்புவார்கள். வீட்டில் கிழவியும் ஆடும் காவல். கணக்கெடுப்பாளர் வரும்போது கதவு பூட்டியிருக்கும், அல்லது பேர் சொல்ல ஒரே ஆள் இருக்கும். போன இடத்தில் தோட்டத்து லயத்தில் எண்ணப்பட்டால் அவர்கள் கர்நாடகத்தின் மக்கள்தொகை ஆவார்கள். எண்ணப்படாமலும் போகலாம்.

பிள்ளைகளின் கணக்கும் இப்படித்தான். மலையில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் பல பட்டிகளுக்கு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிதான் கதி. விடுதியில் தங்கும் மாணவர்களை விடுதியிலேயே, நிறுவனக் குடும்பம் என்ற கணக்கில் சேர்ப்பார்கள். ஆக, ஊரில் நன்றாகப் படிக்கிற பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஊரின் எழுத்தறிவுக் கணக்கில் வரமாட்டார்கள். பள்ளி இருக்கிற கிராமத்துக்கு அந்தப் பெருமை போகும். தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, பழங்குடியினருக்கு 54.3 என்ற 2011-இன் இடைவெளி உண்மையானது, வெட்கப்பட வேண்டியது; மாநில அளவில் விடுதிப் பிள்ளைகளும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். கிராம அளவில் வைத்து, இந்த ஊர் அந்த ஊரைவிடப் பின்தங்கியது என்று தரவரிசை போடும்போதுதான் இந்தச் சறுக்கல் பெரிதாகிறது.

சிற்றூரின் விகிதங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் இருபது பேர் உள்ள ஒரு பட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண், எட்டுப் பெண் என்றால் குழந்தைப் பாலின விகிதம் 667. பத்தும் பத்தும் என்றால் 1000. இரண்டு குழந்தைகளின் பிறப்பில் இருக்கிற தற்செயல், அட்டவணையில் பெண்சிசுக் கொலை ஊராகவும் முன்மாதிரி ஊராகவும் உருமாறிவிடும். மாவட்டத்துக்குப் பொருந்துகிற அளவுகோலை நாற்பது வீட்டுக்கு நீட்டக்கூடாது. ஆனாலும் இணையத்தில் கிராமவாரியாக இந்த விகிதங்களைக் கணக்கிட்டுப் போட்டு, 'மாநிலச் சராசரியைவிடக் குறைவு' என்று எழுதிவைக்கிற பழக்கம் பெருகியிருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் முதலில் மொத்தக் குழந்தைகள் எத்தனை என்று பார்க்க வேண்டும்.

வாழ்வாதாரத்துக்கு வருவோம். விஷயத்தின் சாரமே அங்கேதான் இருக்கிறது. ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ வேலை செய்தால் முதன்மைத் தொழிலாளர். குறைந்தால் விளிம்புநிலைத் தொழிலாளர். எந்த வேலையில் அதிக நாள் கழிந்ததோ அந்தக் கட்டத்தில் ஆள் விழுவார். ஒருவருக்கு ஒரு கட்டம்தான்.

கொல்லிமலையில் இரண்டு ஏக்கர் கொல்லையும் கையகல வயலும் உள்ள ஒரு குடும்பத்தின் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சித்திரை மழைக்கு உழவு. பலா பழுக்கத் தொடங்கும். மரத்தையே வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் பழம் அவருக்கு, நாமே வெட்டினால் தலைச்சுமையாகச் சாலை வரை. வைகாசி, ஆனியில் சாமையோ தினையோ விதைப்பு. பள்ளத்து வயலில் ஆடிக்குள் நடவு. இடையில் நூறுநாள் வேலை வந்தால் பெண்கள் போவார்கள். புரட்டாசி, ஐப்பசி அடைமழையில் கொல்லையில் கால் வைக்க முடியாது. கையில் காசு தட்டும் மாதங்கள் இவை, மளிகைக் கடைக் கணக்கு ஏறும். கார்த்திகையிலிருந்து சாமை, கேழ்வரகு அறுப்பு. மார்கழியில் காட்டு நெல்லி. காப்பிப் பழம் சிவக்கும். தை, மாசியில் மிளகு. கூடவே புளி, கடுக்காய். பங்குனி வெயில் ஏறியதும் தேன். நடுவே குச்சிக்கிழங்கு பிடுங்க லாரி வரும். ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும், விறகும், ஓடைத் தண்ணீரும் எல்லா நாளும்.

இந்த வீட்டு அம்மாவை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நூறுநாள் வேலையில் ஒருநாள் விடாமல் போயிருந்தாலும் அதை மட்டும் சொன்னால் அவர் விளிம்புநிலைத் தொழிலாளர்தான். சட்டம் தந்த வேலையே 183-ஐ எட்டாது. கொல்லையில் அவர் களை எடுத்த நாட்களைக் கேட்டால் 'அது வீட்டு வேலைதானே' என்று பதில் வரும். பெண்களின் இந்தப் பதிலால் விடுபடுவது மிகுதி என்று பெண்ணியப் பொருளியலாளர்கள் வாதாடிய பிறகே 1991 கணக்கெடுப்பில், ஊதியமில்லாத பண்ணை வேலையும் குடும்பத் தொழிலும் உட்பட என்ற சொற்களைக் கேள்வியிலேயே சேர்த்தார்கள். கேள்வி திருந்தியது. விளிம்புநிலைத் தொழிலாளர் கட்டத்தில் பெண்கள் இன்றும் குவிந்து கிடப்பதைப் பார்த்தால், கேட்கிற விதம் எல்லா இடத்திலும் திருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆண்களின் கணக்கில் வேறு கூத்து. கணக்கெடுப்பின் வரையறைப்படி மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கு, போடுவது பயிர்த்தொழில். பழத்தோட்டம் வைப்பதும் பயிர்த்தொழில். தேயிலை, காப்பி, ரப்பர், தென்னை, பாக்கு ஆகியவை பயிர்த்தொழிலில் சேராது. அவை தோட்டப் பயிர் என்று 'இதர தொழிலாளர்' கட்டத்துக்குப் போகும். கொல்லிமலைச் சரிவில் இன்று பரவலாகக் காண்பது சில்வர் ஓக் மரம், அதன்மேல் ஏறும் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. ஒரே குழியில் நிற்கிற மூன்றில், மேலே பறித்தால் அவர் விவசாயி, குனிந்து பறித்தால் இதர தொழிலாளர். 1991 வரை காடு, மீன்பிடி, கால்நடை, தோட்டம் ஆகியவற்றுக்குத் தனி வகை இருந்தது. 2001-ல் ஒன்பது வகைகளை நான்காகச் சுருக்கியபோது அதையும் இதரக் கட்டத்தில் கொட்டிவிட்டார்கள். அந்தக் கட்டத்தில் ஆசிரியர், அரசு ஊழியர், பூசாரி, கட்டட வேலைக்காரர், கலைஞர் எல்லோரும் இருக்கிறார்கள். தேன் எடுக்கப் பாறையில் கயிறு கட்டி இறங்குபவரும் அங்கேதான். ஒரு மலையூரில் இதர தொழிலாளர் கூடியிருப்பதைப் பார்த்து, விவசாயத்திலிருந்து சேவைத் துறைக்கு மாறிவிட்டார்கள், இது வளர்ச்சியின் அறிகுறி என்று எழுதப்பட்ட அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.

உண்மையில் மாறியது என்ன? எழுபதுகள் வரை கொல்லிமலை சிறுதானிய மலை. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று வகைகள். கேழ்வரகில் சுருட்டை, அரிசி, சட்டை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இவற்றைப் பதிவு செய்து, விதை வங்கி வைத்து, மீட்கப் பாடுபட்டது. ஒவ்வொரு வகைக்கும் வேறு மண், வேறு நாள் கணக்கு. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மழை தவறினாலும் தாங்கும். அந்த மக்களின் பயிர்க் காப்பீடு அதுதான்.

அதன் இடத்தைக் குச்சிக்கிழங்கு பிடித்தது. கீழே சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். மலைக்கு ரொக்கம் வேண்டும். சாமை நாலு மாதத்தில் வீட்டுக்குச் சோறாக வரும்; கிழங்கு பத்து மாதம் கழித்து மொத்தப் பணமாக வரும். அந்தப் பத்து மாதத்துக்குச் சாப்பாட்டுக்கு என்ன என்ற கேள்வியில்தான் வியாபாரி உள்ளே நுழைகிறார். விதைக்குச்சி, உரம், வீட்டுச் செலவு எல்லாவற்றுக்கும் முன்பணம் தருவார். கிழங்கு அவருக்கே என்பது வாய்ப்பேச்சு. கிழங்கின் விலையை மாவுப் பாயின்ட் வைத்துத்தான் பேசுவார்கள். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதற்கு ஒரு அளவு. ஒரு பாயின்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை. அந்த அளவை எடுப்பது வாங்குகிறவர் கை. இரண்டு பாயின்ட் குறைத்துச் சொன்னால் ஒத்துக்கொள்வதைத் தவிர விற்கிறவருக்கு வழியில்லை. பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் கருத்துவிடும். சரிவு நிலத்தில் ஆண்டுதோறும் மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுப்பதால் மேல்மண் ஓடைக்குப் போய்விட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சமீப ஆண்டுகளில் மாவுப்பூச்சி வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து இயற்கை எதிரியான ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து 2022-ல் சேலம் வட்டாரத்தில் விட வேண்டிய அளவுக்கு அது பரவியது.

கிழங்கிலிருந்து மிளகுக்குப் போனவர்கள் சில காலம் செழித்தார்கள். 2015 வாக்கில் கிலோ 700 ரூபாய் வரை போன மிளகு, இறக்குமதி பெருகியதும் 2019-க்குள் பாதிக்கும் கீழே வந்தது. வியட்நாமில் என்ன விளைந்தது என்பது கொல்லிமலையின் செம்மேட்டுக் கடைத்தெருவில் அன்றாடப் பேச்சானது அப்போதுதான்.

சாமை போனதற்கு விலை மட்டும் காரணமில்லை. சாமையின் உமி கெட்டியாக ஒட்டியிருக்கும். வீட்டுக்கு ஒருவேளைச் சோறு வேண்டுமென்றால் உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைக்க வேண்டும். கொல்லையிலிருந்து வந்த பெண் இருட்டும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டும். நியாய விலைக் கடையில் 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்தது. 2011 ஜூன் முதல் இலவசமாகவே வந்தது. உலக்கையைக் கீழே வைத்த பெண்களைக் குறை சொல்ல நகரத்துச் சிறுதானிய ஆர்வலர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. சுவாமிநாதன் நிறுவனத்தின் முயற்சிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது விதை வங்கியைவிட, பட்டிகளில் வைத்த சிறிய உமி நீக்கும் எந்திரங்கள்தான். எந்திரம் ஓடிய இடங்களில் சாமை மறுபடி தட்டில் ஏறியது.

நிலம் என்ற விஷயத்தையும் அந்த வரி மூடிவிடுகிறது. பயிர் செய்வோர் என்ற ஒரே சொல்லுக்குள் பட்டா உள்ளவரும், தாத்தா காலத்திலிருந்து காட்டு நிலத்தில் உழுதுவந்து ஒரு தாளும் இல்லாதவரும் இருக்கிறார்கள். பட்டா இல்லாதவருக்குக் கூட்டுறவுக் கடன் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை, வியாபாரியின் முன்பணம்தான். 2006 வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை தந்தது. சிறு வனப்பொருள்களின் மீது உடைமையும் தந்தது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால ஆணையால், நீதிமன்ற அனுமதியில்லாமல் உரிமைப் பத்திரம் கொடுக்க முடியாத நிலை வந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் வீணாயின. அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் அறிவிக்கப்படாததால், பழங்குடிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996 சட்டமும் இங்கே செல்லாது.

நிலமும் கடனும் இப்படி இருக்கும்போது ஆள் வெளியே போகிறார். திருப்பூருக்கும் குடகுக்கும் போகிறவர்கள் போக, ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயனிலிருந்தும் ஆந்திரத்துக்கு மரம் வெட்டப் போனவர்கள் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். மலையாளிப் பழங்குடியினரும் அவர்களில் இருந்தார்கள். அன்றைய விவாதங்களில் கூலி எவ்வளவு, தரகர் யார் என்றெல்லாம் பேசினார்கள். அந்த ஊர்களில் சாமை விலை என்ன, காட்டுப் புளியை யார் ஏலம் எடுக்கிறார், எத்தனை குடும்பத்துக்குப் பட்டா இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

ஆழமாக எண்ணத் தெரியாத நாடல்ல இது. 1961 கணக்கெடுப்பின்போது தலைமைப் பதிவாளர் அசோக் மித்ரா, நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான கிராமங்களைத் தேர்ந்து தனித்தனி நூல்களாக ஆய்வறிக்கை வெளியிட வைத்தார். சென்னை மாநிலத்தில் அந்தப் பணி பி.கே. நம்பியார் பொறுப்பில் நடந்தது. வீட்டின் அமைப்பு, ஏர்க் கருவிகள், நகை, உணவு, கடன் யாரிடம், வட்டி எவ்வளவு, எந்தச் சந்தையில் எதை விற்கிறார்கள் என்று வரைபடத்தோடு எழுதினார்கள். குறைகள் உண்டு, அதிகாரியின் பார்வை தூக்கலாகத் தெரியும். ஆனாலும் ஒரு கிராமம் எப்படிப் பிழைக்கிறது என்பது அதில் புலப்படும். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு நம்மிடம் கணினி இருக்கிறது, செயற்கைக்கோள் படம் இருக்கிறது, ஊருக்குக் கிடைப்பது ஒரு வரி.

அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். அதாவது மறுபடியும் பிப்ரவரியில்தான் வீடு வீடாகப் போவார்கள். மாதத்தை இனி மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை இரண்டு. கணக்கெடுப்பாளர் தன் வட்டாரத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு பட்டியையும் குறித்துக்கொண்டுதான் வீடு வீடாக நுழைகிறார். இம்முறை கைபேசிச் செயலியிலேயே பதிகிறார். ஆகவே பட்டிவாரியான எண் அரசின் கையில் ஏற்கெனவே இருக்கும். தனிநபர் விவரம் வெளியே தெரியாத அளவில் அதைத் தொகுத்து, மலைப் பகுதிகளுக்காவது குடியிருப்புவாரியாக வெளியிட வேண்டும். பதிவேட்டில் இல்லாத குடியிருப்பையும் கிராமம் என்று வன உரிமைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, கணக்கெடுப்புக்கு அதில் தடையிருக்க நியாயமில்லை. இரண்டாவது, தமிழ்நாடு அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியது: நாலைந்து மலைகளில், மலைக்கு இரண்டு பட்டி வீதம், 1961 முறையில் ஓராண்டு முழுவதும் தங்கி ஒரு ஆய்வு. பெரிய செலவில்லை. மலையில் பிறந்து பட்டம் பெற்ற பிள்ளைகள் இன்று எல்லா மலையிலும் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே கொடுக்கலாம்.